தசைத் தளர்த்தியைக் கவ்வும் சர்க்கரை வளையம்: வாசகர் கேள்வி – பதில்

அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ரோகுரோனியம், வெகுரோனியம் ஆகியவற்றின் வேலையை நிறுத்தும் மருந்து சுகமாடெக்ஸ். அதைப் பற்றி வந்த கேள்விகளில் பாதி வேதியியல் படிப்பவர்களுடையவை, மீதி ஆபரேஷன் தியேட்டரில் நிற்பவர்களுடையவை. இரண்டையும் பிரிக்காமல் கலந்தே தருகிறோம். மூலக்கூறின் கணக்கு புரிந்தால்தான் மில்லிகிராமின் கணக்கும் புரியும்.

நியோஸ்டிக்மின் மலிவாகக் கிடைக்கும்போது புதிதாக ஒரு மூலக்கூறை ஏன் வடிவமைத்தார்கள்?
– வேதியியல் முதுகலை மாணவர், கோயம்புத்தூர்

தளர்வை நீக்க முன்பிருந்தே கொடுத்துவரும் நியோஸ்டிக்மின், தளர்த்தி மருந்தைத் தொடுவதே இல்லை. அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. அதனால் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலின் பெருகுகிறது. ஏற்பிகளில் அமர்ந்திருக்கும் ரோகுரோனியத்தோடு போட்டியிட்டு அதை வெளியே தள்ளுகிறது. சிக்கல் என்னவென்றால், நொதி முழுவதும் அடைபட்ட பிறகு எவ்வளவு நியோஸ்டிக்மின் ஏற்றினாலும் கூடுதல் பயன் வராது. தளர்வு ஆழமாக இருந்தால் போட்டியில் அசிட்டைல்கோலின் தோற்றுப்போகும்.

பெருகும் அசிட்டைல்கோலின் தசையோடு நிற்பதும் இல்லை. இதயத் துடிப்பு குறையும், எச்சில் பெருகும், மூச்சுக்குழாய் சுருங்கும். அதைச் சமாளிக்க ஒவ்வொரு 1 மி.கி. நியோஸ்டிக்மினுக்கும் 0.2 மி.கி. கிளைகோபைரோலேட் சேர்க்கிறோம். அது தன் பங்குக்கு இதயத்தை ஓட வைக்கிறது, வாயை உலர்த்துகிறது.

ஸ்காட்லாந்தில் நியூஹவுஸ் என்ற ஊரில் இருந்த ஆர்கனான் ஆய்வகத்தில் ஆன்டன் போம் வேறு ஒரு வேலையில் இருந்தார். ரோகுரோனியத்தைக் கரைக்க ஒரு துணைப்பொருள் தேடி, சைக்ளோடெக்ஸ்ட்ரின்களைச் சோதித்துப் பார்த்தார். சர்க்கரை வளையமான அது ரோகுரோனியத்தை உள்ளே இழுத்துக்கொள்வதைக் கண்டபோது கேள்வியே மாறியது: கரைப்பதற்குப் பதிலாக, இரத்தத்திலேயே வைத்து இதைப் பொதிந்துவிட்டால் என்ன? ஏற்பி, நொதி, அசிட்டைல்கோலின் எதையும் தொடாமல் தளர்த்தியை மட்டும் அகற்றும் வழி அது. மிங்-சியாங் சாங் உள்ளிட்ட அங்கிருந்த வேதியியலாளர்கள் அந்த எண்ணத்தை மருந்தாக்கினார்கள். அதுதான் சுகமாடெக்ஸ்; ஆர்க் 25969 என்ற எண்ணோடு 2002-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 2008 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது.

சைக்ளோடெக்ஸ்ட்ரின்களில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று உண்டு. காமாவை ஏன் எடுத்தார்கள்? எட்டுக் கிளைகள் எதற்கு?
– மருந்தியல் ஆய்வு மாணவி, சிதம்பரம்

முதலில் அகலம். ஆல்ஃபாவில் 6 குளுக்கோஸ், பீட்டாவில் 7, காமாவில் 8. உட்குழியின் விட்டம் ஆல்ஃபாவில் சுமார் 5 ஆங்ஸ்ட்ராம், பீட்டாவில் 6 முதல் 6.5, காமாவில் 7.5 முதல் 8.3. ரோகுரோனியத்தின் முதுகெலும்பு நான்கு வளையங்கள் கொண்ட ஸ்டீராய்டு. அதன் இரு முனைகளிலும் நைட்ரஜன் வளையங்கள் தொங்குகின்றன. இவ்வளவு பருமனான சட்டகம் ஆல்ஃபாவில் நுழையாது, பீட்டாவில் திணறும். காமாவில் வசதியாக நுழையும்.

ஆனால் காமாவின் ஆழம் 7.9 ஆங்ஸ்ட்ராம்தான். ஸ்டீராய்டின் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கும். தண்ணீரை விரும்பாத பரப்பு முழுவதும் குழிக்குள் போனால்தான் பிடிப்பு இறுகும் என்பதால் குழியை ஆழப்படுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு குளுக்கோஸிலும் 6-ஆம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கந்தக அணு வழியாக புரோப்பியோனிக் அமிலக் கிளையை மாட்டினார்கள். குளுக்கோஸ் எட்டு என்பதால் கிளையும் எட்டு. குழியின் ஆழம் சுமார் 11 ஆங்ஸ்ட்ராம் ஆனது. ஏ, பி, சி, டி வளையங்கள் நான்கும் உள்ளே அடங்கின.

கிளையின் நுனியில் உள்ள கார்பாக்சிலேட்டுக்கு இரண்டு வேலைகள். எட்டும் எதிர்மின்சுமை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். அந்தத் தள்ளல் இல்லாவிட்டால் கிளைகள் தாங்களே குழிக்குள் மடிந்து வாயை அடைத்துவிடும். மற்றது, ரோகுரோனியத்தில் நிரந்தர நேர்மின்சுமையோடு இருக்கும் குவாட்டர்னரி நைட்ரஜனை அவை மின்விசையால் பிடித்து வைக்கின்றன. எண்ணெய்ப்பசை உள்ள உட்சுவர் ஸ்டீராய்டைப் பிடிக்கிறது, விளிம்பு நைட்ரஜனைப் பிடிக்கிறது. இந்த இரட்டைப் பிடிப்புதான் தேர்ந்தெடுத்துப் பிடிக்கும் குணத்தைத் தருகிறது.

கிளையை இன்னும் நீட்டினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. நீண்ட கிளை ஆடும். நுனியின் மின்சுமை நைட்ரஜன் இருக்கும் இடத்தைவிட்டு விலகும். ஹோஸ்ட் மூலக்கூறு, அதாவது வேறொன்றைத் தன் குழிக்குள் பிடித்து வைக்கும் மூலக்கூறு, வடிவமைப்பவர்கள் கணினித் திரையில் உட்குழியின் அகலத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுண்டு. இங்கே ஆட்டத்தை முடிவு செய்தது ஆழமும், சுமை நிற்கும் தூரமும்.

ஆய்வகத்தில் இதை எப்படித் தயாரிக்கிறார்கள்? எங்கே கெடும்?
– தனியார் மருந்து நிறுவன வேதியியலாளர், சென்னை

படிகள் இரண்டுதான். சுத்திகரிப்பில்தான் உயிர் போகும்.

முதல் படி, 8 முதன்மை ஹைட்ராக்சில்களையும் அயோடினாக மாற்றுவது. உலர்ந்த டி.எம்.எஃப். கரைப்பானில் டிரைபீனைல்பாஸ்பைனும் அயோடினும் சேர்த்து, அதில் காமா சைக்ளோடெக்ஸ்ட்ரினைப் போட்டு 70 டிகிரியில் ஒரு நாள் வைக்க வேண்டும். ஒவ்வொரு ஹைட்ராக்சிலுக்கும் வினைப்பொருள் ஏறத்தாழ இரு மடங்கு மோல் கணக்கில் இருக்கட்டும். காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் பார்வைக்கு உலர்ந்த தூளாக இருந்தாலும் உள்ளே நீரை வைத்திருக்கும். வெற்றிடத்தில் சூடேற்றி உலர்த்தாமல் போட்டால் அந்த நீரே வினைப்பொருளைத் தின்றுவிடும். ஆறு, ஏழு அயோடின் ஏறியவற்றின் கலவைதான் மிஞ்சும். வினை முடிந்ததும் சோடியம் மெத்தாக்சைடு சேர்ப்பதை விட்டுவிடக் கூடாது. டி.எம்.எஃப்.-இலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் ஃபார்மேட் எஸ்டர்களை உடைப்பது அதுதான். கூடவே உண்டாகும் டிரைபீனைல்பாஸ்பைன் ஆக்சைடைக் கழுவி அகற்றுவதற்கும் பொறுமை வேண்டும்.

இரண்டாம் படி, 3-மெர்காப்டோபுரோப்பியோனிக் அமிலத்தை சோடியம் ஹைட்ரைடால் அதன் இரட்டை உப்பாக்கி, அயோடோ சேர்மத்தைச் சேர்த்து, நைட்ரஜன் சூழலில் 70 டிகிரியில் 12 மணி நேரம். பிறகு எத்தனாலில் வீழ்த்தி, நீரில் கரைத்து, சவ்வு வழியாக டயாலிசிஸ். சிறிய குடுவையில் இது ஓடும். பெரிய அளவில் சோடியம் ஹைட்ரைடும் டி.எம்.எஃப்.-உம் சூட்டில் சேர்ந்தால் கட்டுமீறி வெடிக்கும் ஆபத்து உண்டு. பெரிய கலனுக்குப் போகும்போது வேறு காரத்துக்கு மாறுவதே புத்திசாலித்தனம்.

எட்டு இடங்களில் ஒரே வினை நடக்க வேண்டும் என்பதன் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் வினை 99 சதவீதம் முடிந்தது என்று வைத்தாலும், எட்டும் முடிந்த மூலக்கூறுகள் 0.99-ஐ எட்டு முறை பெருக்கிய அளவு, அதாவது 92.3 சதவீதம்தான். ஓர் இடத்தில் மட்டும் ஹைட்ராக்சில் மிச்சமிருப்பவை 7.5 சதவீதம். விற்பனைக்கு வரும் கரைசலின் குறிப்பேட்டிலும், ஒரு மில்லியில் 7 மி.கி. வரை இந்த ஒற்றை ஹைட்ராக்சில் வகை இருக்கலாம் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அதுவும் ரோகுரோனியத்தைப் பிடிக்கும் என்பதால் அதைச் செயல்படும் பொருளாகவே கணக்கில் எடுக்கிறார்கள்.

மற்றோர் எதிரி காற்று. கிளையிலுள்ள கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்பாக்சைடு ஆகும். வெளிச்சமும் ஆகாது: பெட்டியை விட்டு வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்த வயலை (மருந்துக் குப்பியை) 5 நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

பிணைப்பு எவ்வளவு இறுக்கம் என்பதை எப்படி அளப்பது? எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது.
– ஆய்வு மாணவர், திருச்சி

வெப்ப அளவீட்டு டைட்ரேஷன், அதாவது ஐ.டி.சி., செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். கலத்தில் ஹோஸ்ட், ஊசியில் ரோகுரோனியம், 25 டிகிரி. சுகமாடெக்ஸ்–ரோகுரோனியம் பிணைப்பு மாறிலி (இது பெரிதானால் பிடிப்பு இறுக்கம்) தலைகீழ் மோலார் அலகில் (M⁻¹) ஏறத்தாழ 1 கோடி. இதைக் கலத்தின் செறிவால் பெருக்கினால் வரும் எண் 10-க்கும் சில நூறுக்கும் இடையில் இருக்க வேண்டும். 100 மைக்ரோமோலார் ஹோஸ்ட் வைத்தால் அது 1000 ஆகிவிடும். வளைவு செங்குத்தாக விழும், சரிவிலிருந்து மாறிலியைப் படிக்கவே முடியாது. 20 மைக்ரோமோலார் வையுங்கள், எண் 200 ஆகும். ஊசியில் 200 முதல் 250 மைக்ரோமோலார் போதும்.

ஒரு ஹோஸ்டுக்கு எத்தனை ரோகுரோனியம் என்ற விகிதம் 1-க்குப் பதில் 0.9 என்று வந்தால் பிணைப்பில் கோளாறு தேடாதீர்கள். உறைந்துலர்த்திய சோடியம் உப்பு பிடித்து வைத்திருக்கும் நீரைச் சந்தேகியுங்கள். எடை போட்டதில் ஒரு பங்கு தண்ணீர். இரண்டு கரைசல்களும் ஒரே பாட்டில் பஃபரில் செய்தவையாக இருக்கட்டும். ரோகுரோனியத்தை ஊசி மருந்து வயலிலிருந்து எடுத்தீர்கள் என்றால் அது பி.எச். 4-இல் இருக்கும் அமிலக் கரைசல். அதைக் கலத்தில் விட்டால் கார்பாக்சிலேட்டுகள் புரோட்டானை ஏற்கும், அந்த வெப்பமும் வளைவில் சேரும். ரோகுரோனியத்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்து, கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். அதன் அசிட்டேட் எஸ்டர் மெல்ல நீராற்பகுக்கும்.

உப்புச் செறிவையும் குறித்து வையுங்கள். மின்விசை பங்கு வகிக்கும் பிணைப்பு என்பதால் பஃபரில் சோடியம் ஏற ஏற எண் இறங்கும். பஃபரைச் சொல்லாமல் மாறிலியை மட்டும் எழுதிய கட்டுரையோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

2, 4, 16 மி.கி. என்று மூன்று அளவுகள். இவை எங்கிருந்து வந்தன? மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?
– மயக்கவியல் பட்டமேற்படிப்பு மாணவி, மதுரை

உண்டு. ஒரு சுகமாடெக்ஸ் ஒரு ரோகுரோனியத்தைத்தான் பிடிக்கும். ரோகுரோனியம் புரோமைடின் மூலக்கூறு எடை 610. சுகமாடெக்ஸுக்கு 2002; வயலில் இருப்பது அதன் சோடியம் உப்பு (2178) என்றாலும், சீட்டில் எழுதும் மில்லிகிராம் அமில வடிவக் கணக்கு. ஆக 1 மி.கி. ரோகுரோனியத்துக்கு 3.28 மி.கி. சுகமாடெக்ஸ்.

60 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு 0.6 மி.கி. வீதம் 36 மி.கி. ரோகுரோனியம் கொடுத்தீர்கள்; 59 மைக்ரோமோல். கிலோவுக்கு 2 மி.கி. வீதம் 120 மி.கி. சுகமாடெக்ஸ் என்பது 60 மைக்ரோமோல். அதாவது வழக்கமாகச் சுவாசக் குழாய் பொருத்தக் கொடுக்கும் அளவுக்கு ஒன்றுக்கு ஒன்று. நரம்பை நான்கு முறை தூண்டித் தசைத் துடிப்பைப் பார்க்கும் நான்கு துடிப்புச் சோதனையில், அதாவது டி.ஓ.எஃப்.-இல், இரண்டாவது துடிப்பு திரும்பிய பிறகு இதைக் கொடுக்கிறோம். அதற்குள் ரோகுரோனியத்தில் ஒரு பங்கு கல்லீரல் வழியாக வெளியேறிவிட்டிருக்கும். எனவே உண்மையில் ஹோஸ்ட் மிகுதியாகவே இருக்கும். சராசரியாக 1.5 நிமிடத்தில் டி.ஓ.எஃப். விகிதம் (நான்காம் துடிப்பை முதல் துடிப்பால் வகுத்தது) 0.9-ஐத் தொடும், நியோஸ்டிக்மினுக்கு 18 நிமிடத்துக்கு மேல்.

தளர்வு ஆழமாக இருந்தால், அதாவது டி.ஓ.எஃப்.-இல் ஒரு துடிப்பும் இல்லாமல், டெட்டனிக் தூண்டலுக்கு, அதாவது விடாமல் வேகமாகத் தரும் தூண்டலுக்கு, பின் 1 அல்லது 2 துடிப்பு மட்டும் வந்தால், கிலோவுக்கு 4 மி.கி. அங்கே சுமார் 3 நிமிடம். நியோஸ்டிக்மின் கொடுத்த ஒப்பீட்டுக் குழுவுக்கு 50 நிமிடம் ஆனது.

16-தான் பலரையும் குழப்புவது. கிலோவுக்கு 1.2 மி.கி. ரோகுரோனியம் கொடுத்து, 3 நிமிடத்தில் குழாயும் போகவில்லை, மாஸ்க் வழியாகக் காற்றும் போகவில்லை என்ற நிலை. ஒன்றுக்கு ஒன்று கணக்கில் 4 மி.கி. போதும்தானே? தாளில் போட்டுப் பார்ப்போம். அதே 60 கிலோ ஆளின் செல்லுக்கு வெளியே உள்ள நீர் 12 லிட்டர் என்று வைப்போம். ரோகுரோனியம் 118 மைக்ரோமோல், செறிவு 9.8 மைக்ரோமோலார். கிலோவுக்கு 4 மி.கி. சுகமாடெக்ஸ் கொடுத்தால் அதன் செறிவு 10. பிணைப்பு மாறிலி 1 கோடி என்றால், சமநிலையில் 9 சதவீத ரோகுரோனியம் பிடிபடாமல் திரியும். 16 மி.கி. கொடுத்தால் ஹோஸ்ட் செறிவு 40, பிடிபடாதது 0.3 சதவீதம். நான்கு மடங்கு மருந்துக்கு, மிச்சம் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. மிகுதியாக நிற்கும் வெற்று ஹோஸ்ட்தான் சமநிலையை இழுத்துப் பிடிக்கிறது. உடலில் பரவல், வெளியேற்றம் எல்லாம் சேர்ந்து எண்கள் மாறும், போக்கு இதுதான்.

வேகத்துக்கும் காரணம் அதே மிகுதி. சுகமாடெக்ஸ் இரத்தத்தில் உள்ள கட்டற்ற ரோகுரோனியத்தைச் சட்டென்று குறைக்கிறது. தசைச் சந்திப்பில் இருப்பது செறிவு குறைந்த பக்கம் நோக்கி வெளியே ஓடிவருகிறது, வந்ததும் பிடிபடுகிறது. இந்த நேரத்தில் இரத்தத்தை எடுத்து மொத்த ரோகுரோனியத்தை அளந்தால் அது குறையாமல் ஏறியிருக்கும். ஆய்வக முடிவைப் பார்த்துப் பதற வேண்டாம், அவை பொதிந்து கிடப்பவை.

16 மி.கி. திட்டம் காகிதத்தில் அழகு. 60 கிலோவுக்கு 960 மி.கி., 9.6 மில்லி, 5 மில்லி வயல் இரண்டு. அவை பூட்டிய அலமாரியில் இருந்தால் அந்தத் திட்டம் இல்லாததற்குச் சமம். இன்னொன்று: தசை திரும்பினாலும் மயக்க மருந்தும் ஓபியாய்டும் அப்படியே இருக்கும், வீங்கிய தொண்டை வீங்கியபடியே இருக்கும். சக்சினைல்கோலின் என்ற வேறு வகைத் தசைத் தளர்த்தியோடு ஒப்பிட்ட ஆய்வில், தளர்த்தி கொடுத்த நொடியிலிருந்து முதல் துடிப்பு 10 சதவீதம் திரும்ப ரோகுரோனியம்–சுகமாடெக்ஸ் குழுவுக்கு 4.4 நிமிடம், சக்சினைல்கோலினுக்கு 7.1 நிமிடம் ஆனது. ஆக்சிஜன் இறங்கும் நோயாளிக்கு 4.4 நிமிடமும் நீளம்தான். கழுத்து வழியாகக் காற்றுப்பாதை திறக்கும் தயாரிப்பை இது மாற்றிவிடாது.

எங்கள் மருத்துவமனையில் அட்ராக்யூரியம்தான் அதிகம். அதற்கும் இது வேலை செய்யுமா?
– அரசு மருத்துவர், தஞ்சாவூர்

செய்யாது. அட்ராக்யூரியம், சிஸ்அட்ராக்யூரியம் இரண்டும் தசைத் தளர்த்திகள்தான், ஆனால் ஸ்டீராய்டு இல்லை. நீண்டு பரந்த பென்சைல்ஐசோகுயினோலின் வகை, இந்தக் குழிக்குள் பொருந்தாது. சக்சினைல்கோலினுக்கும் பயனில்லை. வெகுரோனியத்தைப் பிடிக்கும், ரோகுரோனியத்தைவிடச் சற்றுத் தளர்வாக. வெகுரோனியத்தின் அளவு குறைவு என்பதால் (கிலோவுக்கு 0.1 மி.கி.) மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் குறைவு, அது ஈடுகட்டிவிடும். அட்ராக்யூரியத்துக்கு நியோஸ்டிக்மினும் பொறுமையும்.

ஸ்டீராய்டைப் பிடிக்கும் மூலக்கூறு என்றால், வாந்தி தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தாசோனையும் பிடித்துவிடாதா? உடலின் சொந்த ஹார்மோன்கள்?
– செவிலியர், யாழ்ப்பாணம்

நல்ல கேள்வி, மருந்தை வடிவமைத்தவர்களுக்கும் இதே பயம் இருந்தது. ஸ்டீராய்டுச் சட்டகம் மட்டும் போதாது என்று மேலே சொன்னோம். கார்பாக்சிலேட் விளிம்பு பிடித்துக்கொள்ள நிரந்தர நேர்மின்சுமை வேண்டும். டெக்ஸாமெத்தாசோனிலும் கார்டிசோலிலும் அது கிடையாது. அதனால் உடலின் ஸ்டீராய்டுகளோடு பிணைப்பு நூறு மடங்குக்கு மேல் பலவீனம். தவிர, ஹார்மோன்களில் பெரும் பங்கு இரத்தப் புரதங்களில் ஒட்டியிருக்கும். டெக்ஸாமெத்தாசோன் பெற்ற நோயாளிகளில் தளர்வு நீங்குவது தாமதமாகவில்லை என்றே மருத்துவ ஆய்வுகள் காட்டின.

விதிவிலக்கு கருத்தடை மருந்துகளில் உள்ள புரோஜெஸ்டோஜென். அதில் ஒரு பங்கு பிடிபடலாம். மாத்திரை ஒரு வேளை விட்டதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது குறிப்பேடு. ஊசி, உள்வைப்பு, வளையம் என எந்த ஹார்மோன் முறையில் இருந்தாலும் அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத முறையும் சேர வேண்டும். இதைச் சொல்ல வேண்டியது யார்? தியேட்டரில் கொடுத்தவர் வார்டு சீட்டில் எழுதாவிட்டால் வீட்டுக்குப் போகும் பெண்ணுக்குத் தெரியவே வராது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி அச்சிட்டு வையுங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கான டோரமிஃபென் குழிக்குள் போட்டியிட்டு ரோகுரோனியத்தை வெளியே விடும். அன்று அது சாப்பிட்டவருக்குத் தளர்வு நீங்கத் தாமதமாகலாம்.

நரம்புத் தூண்டி எங்களிடம் இல்லை. நோயாளி 5 விநாடி தலையைத் தூக்கினால் போதாதா?
– மயக்க மருத்துவர், விருதுநகர் மாவட்டம்

போதாது. டி.ஓ.எஃப். விகிதம் 0.6-இல் இருப்பவரும் தலையைத் தூக்கிக் காட்டுவார்; தொண்டைத் தசைகள் இன்னும் பலவீனமாகவே இருக்கும். தூண்டியை வைத்துக் கண்ணால் பார்ப்பதும் அரைகுறைதான்: விகிதம் 0.4-ஐத் தாண்டியதும் துடிப்புகள் சமமாகத் தெரியத் தொடங்கிவிடும். எண்ணாகக் காட்டும் கருவி வேண்டும்; மணிக்கட்டில் உல்னார் நரம்பைத் தூண்டி, கட்டைவிரல் அசைவை அளக்க வேண்டும். கை விரிப்புக்குள் சிக்கியிருக்கிறது என்று புருவத்தில் வைத்தால், புருவத் தசை முன்னதாகவே விழித்துக்கொண்டு உங்களை ஏமாற்றும்.

சுகமாடெக்ஸ் வந்துவிட்டதால் அளவீடு தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கேள்வி: 2-ஆ 4-ஆ என்பதை எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

சுகமாடெக்ஸ் கொடுத்த அரை மணியில் மீண்டும் தளர்த்தி தேவைப்பட்டால்?
– மயக்கவியல் மாணவர், புதுச்சேரி

இரத்தத்தில் வெற்று ஹோஸ்ட் காத்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கிலோவுக்கு 4 மி.கி. வரை கொடுத்திருந்தால், 5 நிமிடம் கழிந்த பின் ரோகுரோனியம் கொடுக்கலாம். ஆனால் கிலோவுக்கு 1.2 மி.கி. வேண்டும், முதல் அரை மணிக்குள் என்றால் வேலை தொடங்கவே 4 நிமிடம் வரை ஆகலாம், 15 நிமிடத்திலேயே தீர்ந்தும் போகலாம். 0.6 மி.கி. ரோகுரோனியமோ 0.1 மி.கி. வெகுரோனியமோ போதும் என்ற நிலைக்கு 4 மணி நேரம் ஆகும். 16 மி.கி. கொடுத்திருந்தால் 24 மணி நேரம். அவசரத்துக்கு ஸ்டீராய்டு அல்லாத சிஸ்அட்ராக்யூரியம் போன்றதை எடுங்கள்; ஹோஸ்ட் அதைக் கண்டுகொள்ளாது.

சிறுநீரகம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஹோஸ்ட், பொதிந்த கூட்டு இரண்டும் சிறுநீரில்தான் போகின்றன. ஆரோக்கியமானவரில் அரை ஆயுள் சுமார் 2 மணி, கடும் சிறுநீரகக் குறைபாட்டில் 19 மணி. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே இருந்தால் பரிந்துரைக்கப்படவில்லை.

அமெரிக்காவில் ஏன் 2015 டிசம்பர் வரை அனுமதி தரவில்லை? ஆபத்தான மருந்தா?
– வாசகர், சேலம்

ஒவ்வாமைதான் முதன்மைக் காரணம். 2008-இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி மறுத்து, ஒவ்வாமை குறித்தும் இரத்தம் உறைவது குறித்தும் கூடுதல் தரவு கேட்டது. பின்னர் நடத்திய ஆய்வில் மருந்து பெற்ற 299 ஆரோக்கியமானவர்களில் ஒருவருக்கு அனஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை) வந்தது, 16 மி.கி. குழுவில், முதல் ஊசியிலேயே. முன்பு இந்த மருந்தே பெறாதவருக்கும் வரலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. உறைதல் சோதனை நேரம் ஒரு மணி நேரம் வரை 25 சதவீதம் வரை நீளலாம். கொடுத்த சில நிமிடங்களில் இதயத் துடிப்பு கடுமையாகக் குறைந்த நிகழ்வுகளும் உண்டு. அட்ரோபின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்டதும் மானிட்டரைக் கழற்றும் பழக்கத்தை விடுங்கள்.

ஆன்டான்செட்ரானையும் இதையும் ஒரே லைனில் கொடுக்கலாமா?
– ஓ.டி. டெக்னீஷியன், ஈரோடு

கலக்கக் கூடாது. ஆன்டான்செட்ரான், ரானிடிடின், வெராபமில் மூன்றோடும் சேர்ந்தால் வீழ்படிவாகும். இடையில் நார்மல் சலைன் தள்ளி லைனைக் கழுவுங்கள்.

இதைவிடச் சிறந்த ஹோஸ்ட் வருமா? அட்ராக்யூரியத்தையும் பிடிப்பதாக?
– வேதியியல் ஆசிரியர், நாகர்கோவில்

முயற்சி நடந்திருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லைல் ஐசக்ஸ், குக்கர்பிட்யூரில் என்ற மற்றொரு வளைய வகையை எடுத்து, வளையத்தை மூடாமல் சி வடிவில் திறந்தே விட்டார். இரு முனைகளிலும் நறுமண வளையங்களும் சல்போனேட் சுமைகளும். திறந்திருப்பதால் உள்ளே வருவதற்கு ஏற்ப விரியவும் சுருங்கவும் முடியும். காலபாடியான் என்று பெயர். மயக்கவியல் தரப்பில் மத்தியாஸ் ஐக்கர்மன் இதை எலிகளில் சோதித்தார். காலபாடியான் 2 ரோகுரோனியத்தோடு பிணையும் மாறிலி 340 கோடி. சிஸ்அட்ராக்யூரியத்தோடு 48 லட்சம். அதாவது ஸ்டீராய்டு, ஸ்டீராய்டு அல்லாதது இரண்டையும் பிடிக்கும் ஹோஸ்ட்.

340 கோடியை நாம் முன்பு சொன்ன 1 கோடியால் வகுத்து 340 மடங்கு என்று எழுதிவிடாதீர்கள். ஒரே நிலைமைகளில் ஒப்பிட்டபோது சுகமாடெக்ஸைவிட 89 மடங்குதான். திருச்சி மாணவருக்குச் சொன்ன அதே பஃபர் விவகாரம்.

பிடிப்பு இறுகினால் பயன் நேர்விகிதத்தில் ஏறிவிடாது. ஒன்றுக்கு ஒன்று என்ற எல்லையை எந்த ஹோஸ்டும் தாண்ட முடியாது. 118 மைக்ரோமோல் ரோகுரோனியத்துக்குக் குறைந்தது 118 மைக்ரோமோல் ஹோஸ்ட் வேண்டும். இறுக்கமான பிடிப்பு தருவது, மிகுதியாகக் கொடுக்கத் தேவையில்லாத வசதி. 16-ஐ 5 அல்லது 6 ஆகக் குறைக்க முடிந்தால் ஒவ்வாமை அபாயமும் செலவும் குறையலாம். எங்களுக்கு இதைவிட ஆர்வமூட்டுவது சிஸ்அட்ராக்யூரியம் எண்தான். 48 லட்சம் என்பது சுகமாடெக்ஸ்–ரோகுரோனியம் பிணைப்பின் பாதியளவு, ஆழ்ந்த தளர்வையும் மீட்கப் போதுமான இறுக்கம். ஆனால் விரியும் குழி வேண்டாததையும் உள்ளே விடும். சுகமாடெக்ஸின் விறைப்பான குழி மறுக்கும் மற்ற மருந்துகளை இது ஏற்குமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தாக வேண்டும்.

200 மி.கி. வயல் ஒன்றை இரண்டு நோயாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் செலவு குறையுமே?
– மருத்துவமனை நிர்வாகி, திருநெல்வேலி

ஒரு நோயாளிக்கு ஒரு முறை என்றே அந்த வயல் வருகிறது. பாதுகாப்புப் பொருள் சேர்க்கவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து அளவைக் குறைப்பதில் இருக்கிறது. ஹோஸ்ட் போதாமல் போனால், முதலில் இரத்தத்தில் இருக்கும் ரோகுரோனியம் பிடிபடும், விகிதம் ஏறும், எல்லோரும் நிம்மதியாகக் குழாயை எடுப்பார்கள். பிறகு திசுக்களில் ஒதுங்கியிருந்த ரோகுரோனியம் இரத்தத்துக்குத் திரும்பும்போது அதைப் பிடிக்க வெற்று ஹோஸ்ட் இருக்காது. தளர்வு மீண்டும் வரும், அதுவும் நோயாளி வார்டுக்குப் போன பிறகு. கிலோவுக்கு 0.5 மி.கி. அளவில் இப்படி நிகழ்ந்தது பதிவாகியிருக்கிறது.

செலவைக் குறைக்க வேறு இடம் இருக்கிறது. அறுவை முடியும் நேரத்தைக் கணித்து, கடைசி ரோகுரோனியத்தைத் தவிர்த்து, இரண்டாவது துடிப்பு திரும்பும்வரை காத்திருந்தால் 4 மி.கி. தேவைப்பட்டவருக்கு 2 மி.கி. போதும். 90 கிலோ நோயாளிக்கு அது 360-க்குப் பதில் 180 மி.கி.; இரண்டு சிறிய வயலுக்குப் பதில் ஒன்று. எடையை உண்மையான உடல் எடையாகவே எடுங்கள். நான்கு துடிப்பும் திரும்பி, விகிதமும் ஏறத் தொடங்கியவருக்கு, கிலோவுக்கு 0.03 முதல் 0.04 மி.கி. நியோஸ்டிக்மினே போதும், கருவியில் விகிதம் 0.9 வரும்வரை குழாயை எடுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.